கூட்டிச் சொல்லும் ஐஸ்பெட்டிக்காரர்

எங்கள் ஊரில் இதுவரை செத்துப்போனவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் கிடையாது. ஜலகண்டாபுரம் பக்கத்தில் வேறு எந்த ஊருக்கும் இப்படி ஒரு பெருமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. அவர்கள் நடுவில்தான் நான் இன்னும் குடியிருந்தாக வேண்டும். ஆனால் செத்தவர்கள் அத்தனை பேரும் சொக்கத் தங்கம். இதற்கான முழுப் பெருமையும் ஒரே ஒருவரைத்தான் சேரும். அவர் ஐஸ்பெட்டிக்காரர்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. காலையில் பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்தால் அவர் முகத்தில்தான் விழிப்பேன். சாவுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர் முகத்தில் தினமும் விழித்தும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதை, சகுனம் பார்க்கிறவர்களின் கவனத்துக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

உடலை வைக்கும் குளிர்பெட்டி, சாமியானா, பிளாஸ்டிக் சேர், இவற்றைத் துக்க வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். பெட்டியில் ஐஸ் எதுவும் கிடையாது, கரண்ட்டில் ஓடுவதுதான். இருந்தாலும் ஊர் வாயில் அது ஐஸ்பெட்டி. ஒரு காலத்தில் காலையில் செத்தால் சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். இப்போது மகன் பெங்களூரிலும் மகள் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து, வந்து சேரும்வரை பெரியவர் பெட்டிக்குள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. போன் வந்ததும் ஐஸ்பெட்டிக்காரர் தன் குட்டியானை வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மற்ற வாடகைக்காரர்கள் சாமானை இறக்கிப் போட்டுவிட்டு, முடிந்ததும் ஒரு போன் போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். பெட்டியை வைத்து, ஒயரைச் சொருகி, சாமியானாவை இழுத்துக் கட்டி, சேர்களைப் பரப்பியதும், அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ஆண்கள் கூட்டத்துக்கும் பெண்கள் கூட்டத்துக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துவிடுவார். துண்டால் முகத்தைத் துடைப்பார். பெட்டிக்குள் இருப்பவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "இவரு ஒருக்கா..." என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அழுகிறவர்கள்கூட இடைவெளி விட்டுத்தான் அழுவார்கள்.

"சும்மா எடுக்கக் கூடாதுங்க" என்பது அவர் கட்சி. "கோடி போடறோம், மாலை போடறோம், வாய்க்கரிசி போடறோம். அந்த மனுசனப் பத்தி ஒரு நாயம் பேசாம எடுத்தா, அது சாமான் எடுக்கற மாதிரிங்க. அதுக்கு என்ற வண்டியே போதும்."

நாயம் என்றால் எங்கள் பக்கத்தில் பேச்சு, கதை, அரட்டை எல்லாம்தான்.

அவர் இல்லாத துக்க வீட்டைப் பார்த்தால்தான் அவர் அருமை தெரியும். வருகிறவர் மாலையைப் போடுவார், சேரில் உட்காருவார், போனை எடுப்பார். பிறகு பக்கத்துச் சேர்க்காரரிடம், "எப்ப எடுக்கறாங்களாமா?" என்பார். "பேத்தி வரோணுமாமுங்க." "எங்க வருதாமா?" "தொப்பூர் தாண்டிருச்சாமா." அத்தோடு பேச்சு முடிந்தது. ஓர் ஆயுசு முழுக்க வாழ்ந்த மனிதரைப் பற்றி ஊர் தெரிந்துகொள்ள விரும்புவது, அவரை எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்பதை மட்டும்தான். வாட்ஸப் குழுவில் மட்டும் கண்ணீர் ஆறாக ஓடும். கைகூப்பும் பொம்மை, வாடிய ரோஜா, எரியும் மெழுகுவத்தி எல்லாம் வரிசையாக வரும். அனுப்பியவர் அதே சாமியானாவுக்குக் கீழேதான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஐஸ்பெட்டிக்காரர் முழுப் பொய் சொல்லமாட்டார். எங்கிருந்தோ ஒரு சின்ன உண்மையைப் பிடித்து வருவார். அதற்கு எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சோறூட்டி, கூட்டம் கலைவதற்குள் அதை ஆளாக்கிவிடுவார். செத்தவர் என்றைக்கோ பஸ்ஸில் ஒரு கர்ப்பிணிக்கு இடம் விட்டிருப்பார். இவர் வாயில் அது, அந்தப் பெண்ணை மேட்டூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கூட்டிப்போய், பிரசவம் ஆகும்வரை வெளியே நின்று, குழந்தைக்குப் பெயரும் வைத்துவிட்டு வந்த கதையாகிவிடும். "அந்தப் புள்ளை இப்ப டாக்டருங்க" என்று முடிப்பார். அவர் கதைகளில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் டாக்டர்கள்தான். அத்தனை பேரும் எங்கள் ஊரிலேயே வேலை பார்த்தால் அரசு ஆஸ்பத்திரியில் கூட்டமே இருக்காது.

ஜவுளிக்கடை பாய் இறந்தபோது ஐஸ்பெட்டி வேண்டாம், சேர் மட்டும் போதும் என்றார்கள். "பாய் ஊட்டுல சீக்கிரம் எடுத்துருவாங்க. சுருக்கமாச் சொல்லோணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சுருக்கிய கதையே மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை போனது. பள்ளிவாசல் பெரியவர் எழுந்து, "மீதிய மூணாம் நாள் வந்து சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டுக்கொண்டார். இவரும் மறக்காமல் போய்ச் சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சரக்கு இல்லாத நாளும் உண்டு. அப்படி ஒரு நாளில்தான் கிணற்றில் விழுந்த ஆட்டின் கதை மாட்டிக்கொண்டது. வெள்ளாடு ஒன்று கிணற்றில் விழுந்துவிடும். ஊரே மேலே நின்று யோசித்துக்கொண்டிருக்க, செத்தவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக் குதிப்பார். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வருவார். நல்ல கதைதான். ஆனால் எங்கள் ஊரில் மாரியக்கா என்று ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவையும் தவறவிடாதவர். அவர் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, இதே ஆட்டத்தான போன மாசம் மளிகைக்கடைக்காரரும் தூக்குனாரு?"

சாமியானாவுக்குக் கீழே இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஐஸ்பெட்டிக்காரர் அசரவில்லை.

"அதே ஆடுதானுங்க அம்மணி. அது ஒரு கிறுக்குப் புடிச்ச ஆடு. கெணத்தக் கண்டா உழுந்துரும். எத்தன பேரு தூக்கியிருக்காங்கங்கறீங்க."

"அப்ப ஆட்டுக்காரன் அதக் கட்டி வெக்கமாட்டானா?"

"அவன் கதைய அவன் சாகறப்பச் சொல்றேனுங்க."

மாரியக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. முந்தானையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அழத் தொடங்கினார்.

அதே சேர்களைத்தான் கல்யாணத்துக்கும் அனுப்புகிறார். ஒரு முறை அவசரத்தில் 'நல்வரவு' என்று எழுதிய சீலையைத் துக்க வீட்டு வாசலில் கட்டிவிட்டு, யாரோ சொன்ன பிறகு கழற்றினார். ஆனால் கல்யாணத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "மாப்பிள்ளையப் பத்தி ரெண்டு ஊட்டுலயும் ஏற்கனவே கூட்டித்தான் சொல்லியிருப்பாங்க. நாமளும் போய்க் கூட்டுனா அந்தப் பையன் தாங்குவானுங்களா?" என்றார்.

அவர் திறமைக்கு உண்மையான சோதனை 'லைட் ஆஃப்' இறந்தபோது வந்தது. எங்கள் தெருக்கோடியில் தறிப்பட்டறை வைத்திருந்தவரை ஊர் அப்படித்தான் சொல்லும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவிட்சைத் தேடி அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். தன் வீட்டுக் கரண்ட் என்றில்லை, பொதுவாகவே வெளிச்சம் வீணாவது அவருக்குப் பொறுக்காது. தன் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கேட்டால்தான் கொடுப்பார். கேட்டாலும், தாகம்தானா என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பார். அன்றைக்குக் கூட்டம் நன்றாகவே கூடியது. இவரைப் பற்றி ஐஸ்பெட்டிக்காரர் என்ன சொல்லிவிடுவார் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். மகன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊர் என்ன நினைக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

ஐஸ்பெட்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பெட்டியை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இவரு ஒருக்கா... மழையே இல்லாத வருசமுங்க. ஏரி காஞ்சு கெடக்குது. சந்தைக்குப் போற மாடுக நாக்கத் தள்ளிக்கிட்டுப் போவுது. பைபாஸ் பிரிவுல ஒரு தொட்டி இருந்துச்சுங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

அப்படி ஒரு தொட்டி யாருக்கும் ஞாபகம் இல்லை. இருந்தாலும் ரெண்டு பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

"தெனமும் அந்தத் தொட்டி ரொம்பி நிக்கும். யாரு ஊத்தறாங்கன்னே தெரியாது. ஒரு நா விடியால நான் வண்டில வாரேன். ஒருத்தரு தோள்ல குடத்தோட தொட்டிகிட்ட நிக்கறாரு. யாருன்னு பாக்க வண்டி லைட்ட அடிச்சேன் பாருங்க, ஒரே சத்தம். 'லைட்ட அணைடா.'"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கு அணைக்கச் சொன்னாருன்னு அன்னிக்கு எனக்குப் புரியலீங்க. செய்யற தர்மம் வெளிய தெரியக் கூடாதுன்னு நெனச்ச மனுசன். அந்தப் பழக்கந்தான் பொறவு போற எடத்துக்கெல்லாம் கூடவே வந்துருச்சு. நாமதான் வேற மாதிரி பேசிக்கிட்டோம்."

இரண்டு மகன்களும் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். தங்கள் வீட்டுச் சுவிட்சை அணைத்ததற்காக அவரை எத்தனையோ முறை திட்டியவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், தானும் அந்தத் தொட்டியைப் பார்த்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த கோடையில் பைபாஸ் பிரிவில் நிஜமாகவே ஒரு தண்ணீர்ப்பந்தல் வந்தது. பக்கத்தில் மாட்டுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. 'தந்தை வழியில் தனயர்கள்' என்று பிளெக்ஸ். அதில் மகன்களின் படம் அவ்வளவு பெரியதாக இருந்ததால் பானை பின்னால் மறைந்துவிட்டது. விசாரித்துக்கொண்டு போய்த்தான் குடிக்க வேண்டும். மாடுகள் அந்தப் பக்கம் வருவது குறைந்துவிட்டதால் தொட்டியில் லாரி டிரைவர்கள் முகம் கழுவுகிறார்கள். ஆனாலும் வருஷா வருஷம் தண்ணீர் நிற்கிறது. நான் ஐஸ்பெட்டிக்காரரை மடக்கினேன்.

"ஏனுங்க, நிஜமாவே அவரு தண்ணி ஊத்துனாருங்களா?"

"ஊத்தியிருக்கலாமுங்க."

"ஊத்தலன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"இப்ப அந்தத் தொட்டில தண்ணி இருக்குதா இல்லீங்களா?"



இந்தப் புகழ் ஆத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரிவரை போய்விட்டது. அங்கே 'கதை சொல்லும் கலை' என்று ஒரு பயிலரங்கு. உள்ளூர்க் கதைசொல்லி என்று இவருக்கு அழைப்பு. "தொணைக்கு வாங்க சாமி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு, கதை சொன்னால் நினைவாற்றல் வளரும், ஒற்றுமை வளரும், தலைமைப் பண்பு வளரும், இன்டர்வியூவில் வேலையும் கிடைக்கும் என்று திரையில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் சரிதான். மதியம் வரைக்கும் அவர் ஒரு கதைகூடச் சொல்லவில்லை என்பதுதான் குறை. பின்வரிசை நிம்மதியாகத் தூங்கியது.

பிறகு ஐஸ்பெட்டிக்காரருக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.  கடைசியில் பயிற்சியாளரிடம் மெதுவாகக் கேட்டார். மைக் கையில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"ஏனுங்க, இங்க யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகலை சார். சும்மா ஒரு கதை சொல்லுங்க."

"ஆளு இல்லாம எப்பிடிங்க சொல்றது?"

"கற்பனையா யாரையாவது வெச்சுக்கங்க சார்."

ஐஸ்பெட்டிக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். நடுவில் கல்லூரி முதல்வர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப ஐயாவையே வெச்சுக்கலாமுங்களா?"

மாணவர்கள் கைதட்டிவிட்டார்கள். முதல்வருக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் உள்ளே வரும்போது அவருடைய கார் கேட் அருகே ஒரு நாய்க்குட்டிக்காக நின்று போனதை இவர் பார்த்திருந்தார். அது போதும். "இவரு ஒருக்கா..." என்று ஆரம்பித்தார். நாய்க்குட்டி வளர்ந்தது. மழை கொட்டியது. ஹாஸ்டல் பையன் ஒருவன் ஓடை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். முதல்வர் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார். பின்வரிசை பெஞ்சுமேல் ஏறி நின்றது. "அந்த நாய் இப்ப போலீஸ்ல இருக்குதுங்க" என்று அவர் முடித்தபோது பேராசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த லேப் உதவியாளர் என் காதருகே குனிந்து, "எப்ப எடுக்கறாங்களாமுங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல்வரே எழுந்து வந்து, தணிந்த குரலில், "கடைசியா நான் எதுவும் சொல்லலையா?" என்று விசாரித்தார்.

திரும்பி வரும்போது ஐஸ்பெட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். "பாவமுங்க அந்த ஐயா. நல்ல மனுசன். இன்னும் கொஞ்ச நாளு இருக்கோணும்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்கு ஒரு போட்டி வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு இளைஞர் 'இறுதி மரியாதை பேக்கேஜ்' ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டி, அதைச் சுற்றிக் கலர் லைட், பென்டிரைவிலிருந்து ஒப்பாரி, பிளெக்ஸ், டீ, பிஸ்கட் எல்லாம் ஒரே போனில். ஐஸ்பெட்டிக்காரருக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. "அவிங்க அழுகையும் சேத்தே குடுக்கறாங்கங்க" என்று என்னிடம் வியந்துகொண்டார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

போர் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் இறந்தபோது அந்தப் பேக்கேஜ்தான். பெங்களூர்ப் பேரன் தாத்தாவைப் பற்றிப் படம் தயாரித்துத் திரை கட்டியிருந்தான். தாத்தா தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை போலிருக்கிறது. எல்லாம் கல்யாணப் படங்களிலிருந்து வெட்டியவை. ஒவ்வொரு படத்திலும் அவர் தோளில் யாருடைய கையோ இருந்தது. ஒன்றில் மணப்பெண்ணின் பாதிக் காதும் வந்திருந்தது. அதையும் முழுதாகப் பார்க்க முடியவில்லை, கரண்ட் போய்விட்டது. மேட்டூரில் எடுக்கிற கரண்ட் எங்கெங்கோ போகிறது. பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு மட்டும் சமயத்தில் அதற்கு வழி தெரிவதில்லை. ஜெனரேட்டர் பெட்டிக்கு மட்டும்தான் தாங்கும் என்றார்கள். திரை கறுத்துப்போனது. ஒப்பாரி பாதி வார்த்தையில் நின்றது. பேரன் நடுவில் நின்றுகொண்டு, "எங்க தாத்தாவைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லுங்களேன்" என்றான். எல்லாரும் போனைப் பார்த்தார்கள். கடைசியில் முதலாளியின் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்: "ஐஸ்பெட்டிக்காரரக் கூப்புடுங்க சாமி."

பெட்டி இல்லாமல், சேர் இல்லாமல், டிவிஎஸ் வண்டியில் துண்டோடு வந்து சேர்ந்தார். யாரோ ஒரு சேரை நகர்த்திப் போட்டார்கள். சாயங்காலம்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

இனி சரசக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐஸ்பெட்டிக்காரரின் மனைவி. சாவுச் சேதி சொல்லி வரும் போனை எடுப்பது அவர்தான். "எந்த ஊடுங்க? எத்தன சேரு? பந்தலு வேணுமா?" என்று அவர் கேட்பது எங்கள் வீட்டு ஹாலில் கேட்கும். கறாரான குரல். அதற்குப் பிறகு போனோடு உள்ளே போய்விடுவார். ஐஸ்பெட்டிக்காரரின் கதைக்கு மயங்காத ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். இவர் வாசலில் நின்று, "ஒருக்கா..." என்று இழுத்தால், "சேரக் கழுவி வெச்சுட்டுப் பேசுங்க" என்பார். எந்தத் துக்க வீட்டுக்கும் வரமாட்டார். தெருவில் யாரோடும் நின்று பேசமாட்டார். அவரை யாருக்கும் அதிகம் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

போன தை மாதம் ஒரு காலையில் நெஞ்சை வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஐஸ்பெட்டிக்காரரின் பெட்டி அன்றைக்கு வேறு ஊரில் ஒரு துக்க வீட்டில் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அந்தப் பேக்கேஜ் இளைஞர்தான் தன் பெட்டியைக் கொண்டுவந்தார். யாரும் சொல்லாமலே கலர் லைட்டை அணைத்தார், ஒப்பாரியை நிறுத்தினார், ஓரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஊரே வந்திருந்தது. யாரோ வழக்கம்போல நடுவில் ஒரு சேரைப் போட்டார்கள். ஐஸ்பெட்டிக்காரர் அதில் உட்கார்ந்தார். துண்டு மடியில் கிடந்தது. நாங்கள் காத்திருந்தோம். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது எடுக்கிறார்கள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. வாழப்பாடியில் கட்டிக்கொடுத்த மகள் வந்தாள், அழுதாள், பிறகு அப்பாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மாளப் பத்தி ஒரு நாயம் பேசுப்பா."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"சும்மா எடுக்கக் கூடாதுன்னு நீதானப்பா சொல்லுவ. ஊருக்கெல்லாம் பேசுன. அம்மாள மட்டும் அப்பிடியே அனுப்பப் போறியா?"

"வரலியே கண்ணு" என்றார். அவ்வளவு பெரிய குரல் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மகள் எங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை என்மீது வந்தபோது நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டேன். எதிர் வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் சரசக்காவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வரி இல்லை. வெளியே வண்டி வந்து நின்றது. அந்த அம்மாள் ஒரு சொல்கூட இல்லாமல் போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன்.

லைட் ஆஃபின் பெரிய மகன்தான் எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர்.

"எங்கப்பா போன அன்னிக்கு நாந்தானுங்க போன் பண்ணுனேன். சேரு, பந்தலு எல்லாங் கேட்டாங்க. போன வெச்சுருவாங்கன்னு பாத்தேன். வெக்கல. 'அழுதியா சாமி?'ன்னாங்க. இல்லீங்கன்னேன். 'உங்கப்பனப் பத்தி எதாச்சும் சொல்லு'ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே வல்லீங்க. அவங்க அப்பிடியே லைன்லயே இருந்தாங்க. ரொம்ப நேரங் கழிச்சு, 'எங்கப்பா எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டாம படுக்கமாட்டாருங்க'ன்னு சொன்னேன். 'இது போதும் சாமி'ன்னாங்க. அப்பறந்தான் எனக்கு அழுகையே வந்துச்சுங்க."

பைபாஸ் பிரிவுத் தொட்டி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜவுளிக்கடை பாயின் மகன் எழுந்தார். "எங்கத்தா மௌத்தானப்ப எங்கிட்டயும் கேட்டாங்க. அவருக்கு டீல சக்கரை தூக்கலா வேணுமான்னு கேட்டாங்க. நான் அதச் சொல்லி முடிக்க அரை மணி நேரமாச்சு." பிறகு ரிக் முதலாளியின் மனைவி, கரண்ட் போன அன்றைக்குத் தான் போனில் சரசக்காவோடு பேசியதைச் சொன்னார். பிறகு மாரியக்கா. பேக்கேஜ் போன வீடுகள் தவிர மற்ற ஒவ்வொரு வீட்டிலும் சாவு விழுந்த கையோடு, சொந்தக்காரர்கள் வருவதற்கும் முன்னால், முதல் பேச்சு சரசக்காவோடுதான் நடந்திருக்கிறது. ஒருவர் பேசியது இன்னொருவருக்குத் தெரியாது. தான் மட்டும்தான் பேசினோம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் அல்லவா, கொஞ்ச நேரத்தில் சூடு பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் ஐஸ்பெட்டிக்காரரிடம் கேட்டுப் பழகியவர்கள். மாரியக்கா கையை விரித்தார்.

"எங்கூட்டுக்காரரு போன அன்னிக்கு ராத்திரி பூரா போன வெக்கலீங்க அந்த மவராசி. ஊருல எந்த எழவு உழுந்தாலும், எடுக்கற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம பட்டினி கெடப்பாங்களாமா."

ஐஸ்பெட்டிக்காரர் தலையைத் தூக்கினார்.

"பட்டினியெல்லாம் கெடக்கமாட்டாளுங்க. பசி தாங்கமாட்டா. நான் சாமான் ஏத்தறதுக்குள்ள இட்லி தின்னுட்டு நிப்பா."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது.

"ராத்திரி பூராவும் பேசலீங்க. கொஞ்ச நேரந்தான். பேசிட்டு, மூஞ்சியத் தொடச்சுட்டு, வண்டிகிட்ட வந்து, 'இவருக்கு இதச் சொல்லுங்க'ம்பா. கூட ஒரு வார்த்தை சொல்லமாட்டா. நான் எச்சாச் சொன்னது தெரிஞ்சா வையுவா."

யாரோ, சரசக்கா யாரிடமும் கோபப்பட்டதே இல்லை என்றார்கள். "படுவாளுங்க. கோவம் வந்தா சேர டமார்னு வெப்பா" என்றார். இன்னொருவர், அவர் கைச் சமையல் அமிர்தம் என்றார். "உப்புக் கொறச்சலுங்க. எப்பவுமே கொறச்சல்" என்றார். யார் எதை ஏற்றினாலும் இறக்கி வைத்தார். எங்கள் ஊரில் அவர் யாரையும் குறைத்துச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஊருல எல்லாருக்கும் கூட்டிக் கூட்டிச் சொன்னீங்க. உங்க ஊட்டம்மாளுக்கு மட்டும் இப்பிடிக் கொறைக்கறீங்களே?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவிங்களயெல்லாம் எனக்கு முழுசாத் தெரியாதுங்க சாமி. தெரியாத எடத்துலதான் கூட்டுனேன். இவளத் தெரியுமுங்க. இவ இருந்த மாதிரியே போவட்டும்."

அதற்குப் பிறகு எடுத்தார்கள்.

இப்போது போனை அவரே எடுக்கிறார். சேர் எத்தனை, பந்தல் வேண்டுமா என்று கேட்டு முடித்த பிறகு எதிர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தப் பக்கம் பேசுகிறவரைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் தெரிந்துகொள்வேன். பிறகு குட்டியானை கிளம்பும். துக்க வீடுகளில் பழையபடி டாக்டர்கள் பிறக்கிறார்கள்.

என் வீட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு எந்தப் பெட்டி வந்தாலும் சரி, கலர் லைட் இருந்தாலும் சரி, அவரைக் கூப்பிட்டு நடுவில் ஒரு சேர் போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு கவலைதான். எதிர் வீட்டிலேயே இருந்து இருந்து, என்னையும் அவருக்கு நன்றாகத் தெரிந்துபோயிருக்கும், கூட்டாமல் சொல்லிவிடுவார். பரவாயில்லை. அவர் சொல்வதாக இருந்தால் நானும் இருந்த மாதிரியே போய்க்கொள்கிறேன்.